நல்லவாட்டு மீன் குழம்புக்கு ஸ்கீமா போட்ட கதை

உனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் சினிமா, பாட்டு, கிரிக்கெட் எதையும் சொல்ல மாட்டேன். ஸ்கீமா என்பேன். கேட்டவர் முழிப்பார். முழித்தால் நல்லது, விளக்கிச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும், கடலூர் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் இதைப் பேசியிருக்கிறேன். இப்போது உங்கள் முறை.

ஒரு வலைப்பக்கத்தில் மனிதர் படிக்க எழுதி வைத்த செய்தியை இயந்திரமும் தவறில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக எது பெயர், எது முகவரி, எது நேரம், எது விலை என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கொடுத்து அந்தப் பக்கத்துக்குள்ளேயே தனியாக எழுதி வைப்பதுதான் ஸ்கீமா. ஸ்ட்ரக்சர்டு டேட்டா என்பது இதன் பொதுப்பெயர். பக்கத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. தேடுபொறிக்கு மட்டும் தெரியும். எங்கள் கரையில் வலையிலிருந்து கொட்டிய மீனை அப்படியே குவித்து வைத்தால் ஏலம் கேட்கிறவர் குத்துமதிப்பாகத்தான் கேட்பார். சங்கரா ஒரு கூடை, பாறை ஒரு கூடை, நெத்திலி ஒரு கூடை என்று பெண்கள் உட்கார்ந்து பிரித்துவிட்டால் ஒவ்வொரு கூடைக்கும் அதற்கான ஆள் வருவார், அதற்கான விலை வரும். மீன் அதே மீன்தான், பிரித்து வைத்ததில்தான் அத்தனையும் இருக்கிறது!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் நல்லவாடு. மீனவர் ஊர். என் அத்தை அங்கே மீன் சாப்பாடு போடுகிறார். பெயர்ப்பலகை இல்லாத காலத்திலிருந்து வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் கைப்பேசியில் தேடித்தான் வருகிறார்கள். அத்தைக்காக ஒரு சின்ன வலைத்தளம் செய்தோம். நாலு பக்கம், நல்ல படங்கள், கடையைப் பற்றி மனசாரத் தமிழில் எழுதிய பத்திகள். ஆனால் தேடினால் வரவில்லை. எங்கோ அடியில், யாரும் விரல் வைத்துத் தள்ளிப் போகாத ஆழத்தில் கிடந்தது. அப்போதுதான் இந்த ஸ்கீமாவுக்குள் இறங்கினேன். இறங்கியவள் இன்றுவரை மேலே ஏறவில்லை, ஏறும் எண்ணமும் இல்லை.

முதலில் முகவரி. எங்கள் பக்கத்து முகவரிச் சிக்கல் வேறு எந்த ஊரிலும் இப்படி இருக்குமா தெரியாது. புதுச்சேரிக் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் இங்கே விரல் கோத்த மாதிரி பின்னிக் கிடக்கின்றன. தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் அபிஷேகப்பாக்கம் புதுச்சேரி, அதை ஒட்டிய சிங்கிரிகுடி நரசிம்மர் கோயில் தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டம். பாகூருக்குப் போகிற வழியில் எந்த இடத்தில் எந்த மாநிலம் என்று மதுக்கடைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்களே அதிகம். இதெல்லாம் போதாதென்று பாண்டிச்சேரி 2006 அக்டோபரில் புதுச்சேரி ஆனது. இன்றைக்கும் பாதிப் பேர் பாண்டி என்றுதான் தேடுகிறார்கள். நல்லவாட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வா’வுக்கு ஒரு ‘ஏ’ போடுகிறவர் உண்டு, இரண்டு ‘ஏ’ போடுகிறவர் உண்டு. அரியாங்குப்பத்தையும் பூரணாங்குப்பத்தையும் எழுதுகிற விதங்களை எண்ணி முடியாது.

இத்தனை குழப்பத்துக்கும் ஸ்கீமாவில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்! தெரு ஒரு வரி, ஊர் ஒரு வரி, மாநிலம் ஒரு வரி, அஞ்சல் எண் ஒரு வரி, நாடு ஒரு வரி. ‘நேம்’ என்ற இடத்தில் உண்மைப் பெயர். ‘ஆல்டர்நேட் நேம்’ என்ற இடத்தில் மக்கள் அழைக்கிற மற்றப் பெயர்கள், எத்தனை வேண்டுமானாலும், தமிழிலும் ஆங்கிலத்திலும். ‘சேம் ஆஸ்’ என்ற இடத்தில் “நான் சொல்வதும் அங்கே சொல்லப்படுவதும் ஒன்றே” என்று விக்கிடேட்டா போன்ற பொதுத் தொகுப்புகளின் முகவரியைக் கொடுக்கலாம். விக்கிடேட்டாவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. எந்த மொழியில் எப்படி எழுதினாலும் எண் மாறாது. நம் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதினாலும் பிரெஞ்சில் எழுதினாலும் இயந்திரத்துக்கு அது ஒரே ஊர். இந்த இடத்தில்தான் முதல் தடவை எனக்குப் புல்லரித்தது.

அடுத்து, ஜியோ. அட்சரேகை, தீர்க்கரேகை. எங்கள் ஊர் வடக்கே 11 டிகிரி சொச்சம், கிழக்கே 79 டிகிரி சொச்சம். அந்தச் சொச்சத்தைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் குறைந்தது ஐந்து இலக்கம் வரை எழுதச் சொல்கிறது கூகுள். ஐந்தாவது இலக்கம் என்றால் சுமார் ஒரு மீட்டர் துல்லியம். அத்தை கடையின் அடுப்படிக்கும் வாசல் திண்ணைக்கும் வித்தியாசம் காட்டுகிற துல்லியம்! அந்த எண்களைத் திண்ணையில் நின்றே கைப்பேசியில் எடுத்து எழுதினேன்.

நேரத்துக்கு வருகிறேன். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறப்பு, எத்தனை மணிக்கு மூடல் என்பது எளிது. அருமை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்து குறையும் அந்த நாட்களில் கடை நேரம் மாறும், சில கிழமை அடுப்பே எரியாது. ஸ்கீமாவில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்த நேரம் என்று தனியாக எழுத வழி இருக்கிறது. முழுநாளும் மூடல் என்றால் திறப்பும் மூடலும் இரண்டுமே பூஜ்யம் பூஜ்யம் என்று எழுத வேண்டும். எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்து இதை வகுத்தவர்களுக்கு நம் தடைக்காலம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் உலகத்தில் எந்தத் தொழிலுக்கும் ஒரு ஓய்வுக்காலம் இருக்கும் என்று நினைத்து அதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்களே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

திருவிழாவும் அப்படித்தான். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையில் ஓடும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். நமக்கு மாதமும் கிழமையும் நட்சத்திரமும் போதும். இயந்திரத்துக்கு வருடம், மாதம், தேதி, அதற்குப் பின் மணி, கடைசியில் இந்திய நேரம் என்பதற்கு ‘கூட்டல் 05:30’ என்று அந்த வரிசையில் வேண்டும். ஒவ்வொரு வருடமும் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தத் தேதிகளை எழுதுவது எனக்குப் பொங்கல் வைக்கிற மாதிரி ஒரு சடங்காகிவிட்டது. கோயிலுக்கென்று, அதிலும் இந்துக் கோயிலுக்கென்றே தனி வகை இருக்கிறது. தேவாலயத்துக்குத் தனி. மசூதிக்குத் தனி. கடற்கரைக்குத் தனி. பேருந்து நிறுத்தத்துக்கும் தனி! மொத்தம் 800-க்கும் மேற்பட்ட வகைகள். மீன் கடைக்கு என்று தனி வகை கிடையாது. ஆனால் பொதுவாகக் கடை என்று சொல்லிவிட்டு, மேலும் இது இன்ன மாதிரிக் கடை என்று விக்கிடேட்டா எண்ணைக் காட்டிச் சொல்லலாம். இதை வகுத்தவர்கள் கதவை முழுதாக அடைக்கவே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னைத் துள்ள வைத்தது குழம்பு. அத்தையின் வஞ்சிரம் குழம்பு செய்முறையை ஒரு பக்கமாகப் போட்டிருந்தோம். எங்கள் பக்கத்து வடகம் கிள்ளிப் போட்டுத் தாளிக்கிற குழம்பு. அந்த வடகம்தான் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக ‘வடூவான்’ ஆகி இன்று பாரீஸ் சமையல்காரர்களின் அலமாரியில் இருக்கிறது. செய்முறைக்கென்று ‘ரெசிபி’ என்ற வகை இருக்கிறது. பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு வரி. செய்யும் முறை படிப்படியாக. எத்தனை பேருக்கு. படம். சமைக்கும் நேரத்தை எழுதுகிற விதமே அழகு. முக்கால் மணி நேரம் என்றால் ஆங்கில எழுத்து பி, டி, பிறகு 45, பிறகு எம். உலகம் முழுக்க எந்த மொழிக்காரரும் இப்படித்தான் எழுத வேண்டும். அத்தையிடம் “எவ்வளவு நேரம் கொதிக்கணும் அத்தை?” என்று கேட்டதற்கு, “கொழம்பு சொல்லும் கண்ணு, நாம என்னாத்துக்கு மணி பாக்கணும்?” என்றார். பக்கத்தில் கடிகாரத்தோடு நின்று நான்தான் குறித்துக்கொண்டேன்.

போட்டு முடித்துப் பரிசோதனையில் கொடுத்தேன். கூகுளே இலவசமாக வைத்திருக்கிற ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் சரி என்றால் பச்சை, பிழை என்றால் சிவப்பு, இருந்தால் நல்லது ஆனால் கட்டாயமில்லை என்றால் மஞ்சள். பச்சை வந்தது! அதற்குப் பிறகு தேடுபொறி பக்கத்தை மறுபடி வந்து படிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு நாள் கைப்பேசியில் தேடிப் பார்த்தால், வெறும் நீல எழுத்தாகக் கிடந்த எங்கள் பக்கம் குழம்புப் படத்தோடு, சமைக்கும் நேரத்தோடு, ஒரு அட்டை மாதிரி மேலே நிற்கிறது. மண்சட்டியில் சிவப்பாக, எண்ணெய் மிதக்க, அத்தையின் குழம்பு! கடைக்கு ஓடிப் போய்க் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இன்னா கண்ணு இது, நம்ம சட்டி இல்ல!” என்றார். அடுப்படியில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது வெளியூரிலிருந்து வருகிறவர்கள் “அந்தப் படத்தில் இருந்த குழம்பு” என்று கேட்டே சாப்பிடுகிறார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. கூகுள் தன் ஆவணங்களில் வெளியிட்டிருக்கிற கணக்குகளைப் பாருங்கள். ராட்டன் டொமேட்டோஸ் என்ற சினிமா விமர்சனத் தளம் ஒரு லட்சம் பக்கங்களில் ஸ்கீமா போட்டது. ஸ்கீமா உள்ள பக்கங்களைச் சொடுக்கி உள்ளே வருகிறவர் விகிதம், இல்லாதவற்றைவிட 25 சதவீதம் கூடுதல். ஃபுட் நெட்வொர்க் தன் பக்கங்களில் 80 சதவீதத்தை இப்படி மாற்றியதில் வருகை 35 சதவீதம் கூடியது. நெஸ்லேயில் இப்படி அட்டையாகத் தெரிகிற பக்கங்களைச் சொடுக்குகிறவர் விகிதம் 82 சதவீதம் அதிகம். அவர்களிடம் பெரிய படை இருக்கிறது. நல்லவாட்டில் ஒரு பழைய லேப்டாப்தான். ஆனால் இருவரும் எழுதுகிற இலக்கணம் ஒன்று, இருவருக்கும் வைக்கிற பரிசோதனை ஒன்று. பணம் உள்ளவருக்கு ஒரு ஸ்கீமா, இல்லாதவருக்கு ஒரு ஸ்கீமா என்று கிடையாது. இந்தச் சமத்துவத்துக்காகவே நான் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கீமா போட்டதாலேயே ஒரு பக்கம் தரவரிசையில் மேலே ஏறிவிடாது. கூகுளே அப்படித்தான் சொல்கிறது. அட்டையாகத் தெரிவதற்குத் தகுதி கிடைக்கிறது, கட்டாயம் காட்டுவோம் என்ற உறுதி கிடையாது. வரைபடத்தில் கடை தெரிய வேண்டுமென்றால் கூகுளின் பிசினஸ் புரொஃபைல் என்பதைத் தனியாகப் பதிய வேண்டும். பக்கத்தில் உள்ள நேரமும் அதில் உள்ள நேரமும் ஒத்துப்போக வேண்டும். இதையெல்லாம் சேர்த்துச் செய்தால் கிடைக்கிற பலன் அபாரம்.

இந்த இலக்கணத்தின் பின்னால் இருக்கிற மனிதரைச் சொல்லாமல் விட மனசு வராது. ஆர். வி. குஹா. ஐஐடி மெட்ராஸில் மெக்கானிக்கல் படித்தவர்! கிண்டிக்குப் பக்கத்து மரங்களடியில் நடந்தவர், ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். உலக அறிவையெல்லாம் கணினிக்குப் புரிகிற வாக்கியங்களாக எழுதப் பார்த்த சைக் என்ற திட்டத்தில் வேலை செய்தார். பிறகு ஆப்பிளில், பிறகு நெட்ஸ்கேப்பில். செய்தித் தளங்களிலிருந்து புதுச் செய்தி தானாக வந்து சேருகிற ஆர்எஸ்எஸ்-ஐ 1999-ல் உருவாக்கியவர்களில் ஒருவர். 2011 ஜூன் 2 அன்று கூகுள், பிங், யாஹூ ஆகிய மூன்று போட்டியாளர்களும் ஒரே சொல்தொகுதிக்கு ஒப்புக்கொண்டு ஸ்கீமா டாட் ஆர்க் என்று அறிவித்தபோது கூகுள் தரப்பில் அதை முன்னின்று நடத்தியவர் குஹா. அதே வருடம் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கிற கம்பெனிகள், ‘முகவரி’ என்றால் இதுதான், ‘திறக்கும் நேரம்’ என்றால் இதுதான் என்று ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். 2016-ல் குஹாவும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில், 1,000 கோடிப் பக்கங்களை எடுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய 31 சதவீதப் பக்கங்களில் ஸ்கீமா இருந்ததாகச் சொல்கிறார்கள். ஐந்தே வருடத்தில்!

எழுதும் முறையும் எளிதாகிவிட்டது. ஆரம்பத்தில் பக்கத்தின் ஒவ்வொரு வரிக்குள்ளும் டேக் நுழைக்க வேண்டியிருந்தது. ஜேசன்-எல்டி என்ற எழுதும் முறை 2014 ஜனவரியில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரை ஆன பிறகு, எல்லாவற்றையும் ஒரே துண்டாக எழுதிப் பக்கத்தில் ஒரு மூலையில் ஒட்டிவிடலாம். இட வேண்டிய இடத்தில் நல்ல தமிழை அப்படியே இடலாம், யூனிகோடு போதும். கைப்பேசியில் அடிக்கிறவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வளைந்த மேற்கோள் குறி வந்துவிட்டால் மொத்தத் துண்டும் செல்லாது, நேரான குறிதான் வேண்டும்.

இனி, நல்லவாட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு ஏன் இத்தனை உணர்ச்சி என்று சொல்கிறேன். தகவலைப் பிரித்து, பெயரிட்டு, தேவைப்பட்டவர் கையில் சேர்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிது அல்ல. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் உதவியோடு வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. ஏம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு என்று ஊர் ஊராகத் தகவல் மையங்கள் வந்தன. இடம் கொடுப்பது ஊர், நடத்துவது ஊர்த் தொண்டர்கள். ஏம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம், நடத்தியவர்கள் பெண்கள். கரண்ட் நம்ப முடியாததால் சோலார். தொலைபேசி நம்ப முடியாததால் விஎச்எஃப் வானொலி வழியாகக் குரலும் தரவும். அரசுத் திட்டங்கள், அதற்கு யார் யாருக்குத் தகுதி, நெல் விலை, இடுபொருள் விலை, மருத்துவமனை, மாட்டு வைத்தியம், பேருந்து நேரம் எல்லாம் தமிழில், பட்டியல் பட்டியலாக. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு பத்திரிகையும் வந்தது. 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அதில் கடற்கரை ஊர்களுக்குச் செய்த வேலையை நினைத்தால் இன்றும் பிரமிப்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர வரைபடத்தை இறக்குவார்கள். வண்ண வண்ணமாக ஒரு படம். அது மீனவருக்கு உதவாது. அதைப் படித்து, அலை எவ்வளவு உயரம், காற்று எந்தத் திசை, எத்தனை வேகம் என்று பிரித்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் கடற்கரைக்கே கேட்கும்படி சொல்வார்கள். போகலாமா வேண்டாமா என்பதை மீனவர் முடிவு செய்வார். நான் இன்று செய்கிற வேலையின் எதிர்ப்பக்கம் அது. அவர்கள் இயந்திரத்தின் பேச்சை மனிதருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், ஸ்கீமா மனிதரின் பேச்சை இயந்திரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தியில் சுனாமி என்று கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று பதில் வந்தது. வெளியே ஓடுங்கள், ஊரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அலை உயரம் சொல்லப் பயன்பட்ட அதே ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. 3,500-க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. கருவி தயாராக இருந்தது, அதை இயக்கத் தெரிந்த ஆட்கள் ஊரில் இருந்தார்கள், சொல்ல வேண்டியது இரண்டு வரியில் இருந்தது. இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம்.

அதே 2004-ல்தான் எச்சரிக்கைச் செய்திகளுக்கென்றே ஒரு ஸ்ட்ரக்சர்டு டேட்டா முறைக்கு ஓயாசிஸ் என்ற தர அமைப்பு ஒப்புதல் தந்தது. காமன் அலர்ட்டிங் புரோட்டோகால் என்று பெயர். எவ்வளவு அவசரம், எவ்வளவு தீவிரம், எவ்வளவு உறுதி, எந்தப் பகுதி, எந்த மொழி, மக்கள் செய்ய வேண்டியது என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஒரே செய்தி கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் வலைத்தளத்துக்கும் மாறாமல் போய்ச் சேரும். இன்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் அமைப்பு இதன்படிதான் இயங்குகிறது. புயல் காலத்தில் நம் கைப்பேசிக்குத் தமிழில் எச்சரிக்கை வருகிறதே, அதற்குப் பின்னால் இந்தப் பிரித்தெழுதும் ஒழுங்கு இருக்கிறது.

ஒழுங்கு என்றதும் நேர்மை பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எதையும் ஸ்கீமாவில் எழுதக் கூடாது என்பது விதி. இல்லாத விலை, நடக்காத விழா, தானே தனக்குப் போட்டுக்கொண்ட ஐந்து நட்சத்திரம் இவற்றுக்கெல்லாம் இடம் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கடை தன் சொந்தப் பக்கத்தில் தன்னைப் பற்றிப் போட்டுக்கொள்ளும் நட்சத்திரங்களைக் காட்ட மாட்டோம் என்று 2019 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. கேள்வி-பதில் அட்டைகளை ஆளாளுக்குப் போட்டு நிரப்பியதால் 2023 ஆகஸ்டில் அவற்றையும் அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. எனக்கு இதில் முழுச் சம்மதம். பொய் சொல்ல இடம் கொடுக்காத விதிகள் இருந்தால்தான் உண்மை எழுதுகிற சின்னக் கடைகள் மேலே வரும்.

வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் படமும் தலைப்பும் வருகிறதே, அது இதன் உறவுக்கார முறை, 2010-ல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப். அதையும் நாலு வரியில் போட்டுவிடலாம். குடும்பக் குழுவில் அத்தை கடை இணைப்பு குழம்புப் படத்தோடு வந்து விழுந்த அன்று வந்த வாழ்த்துகளைச் சொல்லி மாளாது.

இனி வருவது இன்னும் பெரிது. மக்கள் இப்போது தேடுவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். “பாண்டி பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்று ஒரு செயலியிடம் கேட்டால் அது பதில் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் என்எல்வெப் என்ற திட்டத்தை அறிவித்தது. ஒரு தளத்தில் ஏற்கெனவே உள்ள ஸ்கீமாவை வைத்தே அந்தத் தளத்தோடு பேச்சுமொழியில் உரையாட வழி செய்வது அது. அதைத் தொடங்கியவரும் நம் குஹாதான்! நாம் இன்று எழுதி வைக்கிற நாலு வரி நாளைக்கு இன்னொரு இயந்திரத்துக்கும் பயன்படும். மறுபடி எழுத வேண்டியதில்லை.

அத்தை கடைக்குப் பிறகு பக்கத்தில் தங்கும் அறை நடத்துகிறவர்களுக்குப் போட்டுக் கொடுத்தேன், ஒரு தையல் கடைக்குப் போட்டேன், கருவாட்டுக் கடைக்குப் போட்டேன். கருவாட்டுக்கு எடையும் விலையும் இருப்பும் எழுதுகிற சுகம் தனி. ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சை நிறம் வரும்போது முதல் தடவை வந்த அதே சந்தோஷம்.

வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் பக்கத்தில் கடையோ அறையோ தொழிலோ வைத்து, ஒரு வலைப்பக்கமும் வைத்திருக்கிற எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். பெயர், முகவரி, தொலைபேசி, திறக்கும் நேரம், இருக்கும் இடம் இந்த ஐந்தை மட்டும் இந்த வாரமே போடுங்கள். வலைத்தளம் செய்து கொடுத்தவரிடம் “ஸ்கீமா போட்டிருக்கா?” என்று கேளுங்கள், இல்லை என்றால் போடச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களே ஒரு மாலையில் எழுதிவிடுவார்கள். எழுதியதைப் பரிசோதிக்கக் காசு எதுவும் கிடையாது.